துருப்பிடித்த ஜிப்ஸி மலை ஏறுகிறது!

உங்கள் தெருவில் ஒரு பழைய ஜிப்ஸி நிற்கிறதா? சற்று உற்றுப் பாருங்கள். வேப்ப மரத்தடி. நாலு டயரிலும் காற்று இல்லை. கித்தான் கூரை கிழிந்து தொங்குகிறது. பானெட்டின் மேல் ஒரு பூனை குட்டிகளோடு குடித்தனம் நடத்துகிறது. "எடைக்குப் போட்டால் என்ன தேறும்?" என்று மனக்கணக்குப் போட்டபடியே எத்தனையோ நாள் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் ஒத்தி வையுங்கள். அந்த வண்டியின் கூடப் பிறந்தவை இமயமலையில் பந்தயம் ஓடியிருக்கின்றன. 1999-ல் தொடங்கிய 'ரெய்ட் டி ஹிமாலயா' என்ற மலைப் பந்தயத்தில், ஊர்ப் பட்டறைகளில் தட்டிக் கொட்டித் தயாரான ஜிப்ஸிகள் பனியிலும் பாறையிலும் ஏறி இறங்கின. ராஜஸ்தானத்து மணலிலும் அவை ஓடின. மற்ற ஊர்க்காரர்கள் விலை உயர்ந்த வண்டிகளை நம்பிக்கொண்டிருந்தபோது, நம் தேசத்து இளைஞர்கள் கைக்கு எட்டிய விலையில் நம்பியது இந்தச் சின்ன வண்டியைத்தான்.

சரி, அப்படி ஒன்றை நாமே தயாரிக்க முடியுமா? முடியும். பணம் ஆகும், பொறுமை அதைவிட ஜாஸ்தி ஆகும். ஆனால் இதில் சில வேலைகள் இருக்கின்றன, அவற்றைத் தப்பாகச் செய்தால் வண்டி கெடாது. உள்ளே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் வீடு திரும்ப மாட்டார்கள். எல்லோரும் ஆசையோடு என்ஜினைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த வேலைகளைப் பற்றிப் பேச ஆள் இல்லை. நாம் பேசுவோம்.

முதலில் வண்டியின் பூர்வோத்தரம். 1967-ல் ஜப்பானில் 'ஹோப்' என்ற சின்னக் கம்பெனி ஒரு குட்டி ஜீப்பைச் செய்தது. அந்த அமைப்பை சுஸுகி விலைக்கு வாங்கி, 1970-ல் தன் பெயரில் வெளியிட்டது. என்ஜின் எவ்வளவு தெரியுமா? 359 சி.சி.! நம் ஊர் புல்லட் மோட்டார் சைக்கிளின் என்ஜினுக்கு ஏறக்குறைய சமம். அந்தக் குட்டி வளர்ந்து 1981-ல் 'எஸ்.ஜே.410' ஆயிற்று. அதன் நீட்டிய உருவம்தான் 1985 டிசம்பரில் இங்கே 'மாருதி ஜிப்ஸி' என்று வந்தது. 970 சி.சி., 45 குதிரைச் சக்தி, நாலே கியர். 1996-ல் 1,298 சி.சி.யோடு 'ஜிப்ஸி கிங்' பட்டத்துக்கு வந்தது. 2000-ல் அதற்குப் பதினாறு வால்வும், கார்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீச்சும் அமைப்பும் கிடைத்து 80 குதிரை ஆயிற்று. ராணுவம், போலீஸ், காட்டிலாகா என்று எல்லா இடத்திலும் உழைத்துவிட்டு, 2018-ன் முடிவோடு பொது மக்களுக்கான முன்பதிவு நின்றுபோயிற்று. ஆகவே இன்று நமக்குக் கிடைப்பது பழைய வண்டிதான். பழசு என்றால் துருவும் கூடவே வரும்.

இந்தக் குடும்பத்தின் ஜாதகத்தில் ஒரு வேடிக்கையான பக்கம் உண்டு. தென் அமெரிக்காவில், சிலி நாட்டு எல்லையில், ஓஹோஸ் டெல் சலாடோ என்று ஓர் எரிமலை. உலகத்திலேயே உயரமான எரிமலை அதுதான். 2007 மார்ச்சில் ஜீப் வண்டிக்காரர்கள் அதில் 6,646 மீட்டர் உயரம் வரை ஏறி, "இங்கே ஜீப் மட்டுமே நிற்கலாம்; மற்ற வண்டிகள் எப்படியும் இங்கே வரப் போவதில்லை" என்கிற அர்த்தத்தில் ஒரு பலகையும் நட்டுவிட்டு வந்தார்கள். மறு மாதம் 21-ஆம் தேதி சிலி நாட்டுக்காரர்கள் இருவர், மாற்றி அமைத்த ஒரு சுஸுகி சாமுராயில் 6,688 மீட்டருக்குப் போய் நின்றார்கள்! சாமுராய் யார் என்கிறீர்களா? நம் ஜிப்ஸிக்குக் கூடப் பிறந்த தம்பி. பிற்பாடு வேறு வண்டிகள் அந்த உயரத்தையும் தாண்டிவிட்டன. இருந்தாலும் அந்தப் பலகையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

இந்த வண்டிக்கு அப்படி என்ன விசேஷம்? எடைதான் முதல் விசேஷம். கித்தான் கூரை போட்ட ஜிப்ஸி கிங் வெறும் 985 கிலோ. சேற்றில் கனத்த வண்டி புதைகிறது. இது மேலாகப் போகிறது. இரண்டாவது, ஏணி மாதிரி தனியான சேஸிஸ். உடம்பு முழுவதையும் போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். கீழே சேஸிஸும் சக்கரமும் என்ஜினும் தனியாக நிற்கும். பழுது பார்க்கிறவனுக்கு இதைவிட வரம் வேண்டுமா? மூன்றாவது, உதிரிச் சாமான். 80 குதிரை என்ஜின், மாருதி எஸ்டீம் காரின் என்ஜினோடு ஒரே குடும்பம். சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தைகளில் ஒரு காலைப் பொழுது அலைந்தால் ஏதாவது ஒன்று கையில் அகப்படாமல் போகாது.

இப்போது துருவுக்கு வருவோம்.

ஜிப்ஸி வாங்கப் போகிறீர்கள் என்றால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். வண்டிக்குக் கீழே படுக்க வேண்டும். கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு ஸ்குரூ டிரைவர், துணியில் சுற்றிய ஒரு காந்தம். இந்த மூன்றும் போதும், விற்கிறவர் சொல்லாத கதையை எல்லாம் வண்டியே சொல்லிவிடும். சேஸிஸைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் சரி. 'பொத்' என்றால் உள்ளே அரித்திருக்கிறது. சேஸிஸ் வெளியே இரும்புக் கட்டை மாதிரி தெரிந்தாலும் உள்ளே வெற்றுப் பெட்டி. சேறு உள்ளே போய்த் தங்கும். வடிகால் ஓட்டைகள் அடைபடும். ஈரம் மாதக்கணக்கில் ஊறும். வெளியே பெயிண்ட் பளபளக்க, உள்ளேயிருந்து இரும்பு உதிர்ந்துகொண்டிருக்கும்.

காந்தம் எதற்கு? தகரம் இருக்க வேண்டிய இடத்தில் 'பட்டி' பூசி மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாது, வழுக்கி விழும். புத்தம் புதிதாகக் கறுப்புத் தார் பூசிய அடிப்பகுதியைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள். அங்கேதான் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். ரப்பர் விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள். உடம்பு சேஸிஸோடு சேரும் போல்ட்டுகள், பின்புற ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள், கதவடிப் பட்டி இவையெல்லாம் இந்த வண்டிக்கு வழக்கமான புண்கள். உடம்புத் தகரம் அரித்திருந்தால் பயமில்லை; வெட்டி எறிந்து வேறு வைக்கலாம். சேஸிஸ், ஸ்பிரிங் கொக்கிப் பக்கத்தில் அரித்திருந்தால் அந்த வண்டிக்குக் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போங்கள். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. உடம்பைப் பிரித்துத் தூக்கியாயிற்று. துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பது ஒரு வழி. மணல் பீச்சிச் சுத்தம் செய்வது நல்ல வழி. சுத்தமான இரும்பு தெரியும் வரை விடக் கூடாது. துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பது புண்ணின் மேல் சந்தனம் பூசுவது மாதிரி; உள்ளே அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் வஸ்து. ஆகவே இரண்டு தகடுகள் சேரும் மடிப்பில் அது புகுந்துவிட்டால் தகடுகளையே பிளந்துகொண்டு வெளியே வரும். அரித்த தகரத்தை நல்ல தகரம் வரும் வரையில் வெட்டி, அதற்குத் தகுந்த கனத்தில் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

வெல்டிங் என்றவுடன் ஒரு முக்கிய விஷயம். பெட்ரோல் டாங்கைக் கழற்றி, பட்டறையை விட்டே தூரத்தில் வைத்துவிடுங்கள். "அதுதான் காலியாக இருக்கிறதே!" என்று ஒருவர் சொல்வார். நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்கே ஆபத்து. திரவம் போனாலும் ஆவி உள்ளே காற்றோடு கலந்து காத்துக்கொண்டிருக்கும். ஒரு பொறி போதும். பாட்டரி வயரையும், பெட்ரோல் பீச்சும் வண்டியாக இருந்தால் அதன் கம்ப்யூட்டர் பெட்டியையும் கழற்றிவிட வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

இனி கூண்டு. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஜிப்ஸி கிங் 1,540 மில்லி மீட்டர் அகலம். உயரமோ 1,800-க்கு மேல். அகலத்தைவிட உயரம் ஜாஸ்தியான வண்டி வளைவில் வேகமாகத் திரும்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1988-ல் அமெரிக்காவில் ஒரு நுகர்வோர் பத்திரிகை, சாமுராய் எளிதில் கவிழக் கூடியது என்று எழுதிவிட்டது. சுஸுகி 1996-ல் கோர்ட்டுக்குப் போயிற்று. வழக்கு இழுத்து இழுத்து 2004-ல்தான் சமரசத்தில் முடிந்தது. அந்தச் சோதனை நியாயமா அநியாயமா என்ற விவாதம் நமக்கு வேண்டாம். பந்தயத்தில் கவிழும் என்று வைத்துக்கொண்டே வண்டியைக் கட்ட வேண்டும். நம் ஜிப்ஸிக்குத் தலைக்கு மேலே இருப்பதோ கித்தான்!

ஆகவே உள்ளே இரும்புக் குழாயால் ஒரு கூண்டு. சர்வதேச மோட்டார் சம்மேளனம் இதற்கு அளவு வகுத்திருக்கிறது. ஸீட்டுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவு 45 மில்லி மீட்டர் குறுக்களவும் 2.5 மில்லி மீட்டர் கனமும் உள்ள குழாய். அல்லது 50-க்கு 2. மற்ற குழாய்கள் 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. குழாயில் நீளவாட்டில் ஒட்டுத் தையல் இருக்கக் கூடாது. சதுர மில்லி மீட்டருக்கு 350 நியூட்டன் இழுவையாவது தாங்க வேண்டும். சூடு காட்டாமல் குளிர்ந்த நிலையிலேயே வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் குழாயின் குறுக்களவைப் போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. சிக்கனத்துக்காகத் தண்ணீர்க் குழாயை வாங்கி வளைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயிண்ட் அடித்த பிறகு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வண்டி உருளும்போது வித்தியாசம் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

துருவைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசியதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. கூண்டின் ஒவ்வொரு காலும் ஒரு தகட்டின் மேல் நிற்கிறது. வண்டி உடம்போடு சேரும் அந்தத் தகடு 3 மில்லி மீட்டர் கனமும் 120 சதுர சென்டி மீட்டர் பரப்பும் இருக்க வேண்டும். போல்ட் வைத்தால் காலுக்கு மூன்றுக்குக் குறையாமல், 8 மில்லி மீட்டர் போல்ட். தகடு எவ்வளவு பெரிதானாலும், அதன் கீழே இருக்கும் தரை அப்பளமாக இருந்தால்? வண்டி தலைகீழாக விழுந்ததும் கூண்டு தரையைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கும், கூரை தலையில் உட்காரும். பத்திரமான கூண்டு என்பது பாதி குழாயில் இருக்கிறது, பாதி அது நிற்கும் இடத்தில் இருக்கிறது.

ஸீட் பெல்ட்டிலும் ஒரு சூட்சுமம். தோள் வார் முதுகுப் பக்கம் போகும்போது கிட்டத்தட்டக் கிடை மட்டமாகப் போக வேண்டும். ஸீட்டுக்குப் பின்னால் தரையில் கொண்டுபோய் முடிந்தால், மோதலில் அந்த வார் தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கிவிடும். 45 டிகிரிக்கு மேல் சரியவே கூடாது என்பது விதி. தீயணைப்பானை இரண்டு உலோகப் பட்டிகளால் கட்டச் சொல்கிறார்கள். கட்டு, புவி ஈர்ப்பைப் போல் 25 மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டுமாம். அதிகப்பிரசங்கம் என்று தோன்றுகிறதா? 4 கிலோ உருளை அந்த ஒரு கணத்தில் 100 கிலோ ஆகிறது. அது உங்கள் பின்னந்தலையை நோக்கி வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்!

இனி ஸ்பிரிங். ஜிப்ஸிக்கு நாலு பக்கமும் மாட்டு வண்டிக் காலத்துப் பட்டை ஸ்பிரிங்தான். முதுகை உடைக்கும் என்று ஊர் முழுக்கப் புகார். ஆனால் உடைந்தால் நெடுஞ்சாலையில் எந்த ஸ்பிரிங் பட்டறையிலும் இரண்டு மணி நேரத்தில் பட்டை மாற்றித் தருவார்கள். மலைப் பாதையில் இதுவே பெரிய சௌகரியம். பட்டைகளைப் பிரித்துத் துருவை நீக்கி, தேய்ந்த புஷ்களை மாற்றி, நல்ல ஷாக் அப்சார்பர் போட்டாலே வண்டி வேறு வண்டி ஆகிவிடும். சிலர் உயரத்துக்கு ஆசைப்பட்டு, ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கை மேலே ஏற்றிக் கட்டுகிறார்கள். பாறை மேல் மெதுவாக ஊர்ந்து ஏறும் விளையாட்டுக்கு அது சரி. வேகமாகத் திரும்ப வேண்டிய பந்தயத்துக்கு, ஏற்கெனவே உயரமான வண்டியை இன்னும் உயரமாக்குவது புத்திசாலித்தனமா? நீங்களே சொல்லுங்கள். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியைக்கூட உள்ளே இறக்கித் தரையோடு கட்டுவதுதான் லாபம்.

நாலு சக்கர ஓட்டம் எப்போதும் போட்டு வைத்துக்கொள்ளும் சமாசாரம் இல்லை. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. ஜிப்ஸியில் இந்த வித்தியாசத்தை நடுவில் சரிக்கட்ட ஏற்பாடு கிடையாது. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும்; தார் ரோட்டில் வழுக்காது, பல் சக்கரங்கள்தான் முறுக்கிக்கொண்டு திணறும். ஆகவே தார் ரோடு வந்ததும் இரண்டு சக்கர ஓட்டத்துக்கு மாறிவிட வேண்டும்.

என்ஜின்? அதைச் சுருக்கமாகவே சொல்லலாம். குளிர்விக்கும் ரேடியேட்டர் சுத்தமாக இருக்கட்டும். காற்று வடிகட்டி தண்ணீர் புகாத உயரத்தில் இருக்கட்டும். பெல்ட், ஹோஸ், பிளக் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பெரிய என்ஜினைத் தூக்கிப் போடும் ஆசை வேண்டாம். பந்தயத்தில் வண்டியின் பிரிவே மாறிப் போகும். மலையில் எந்த என்ஜினும் இளைத்துத்தான் போகும். 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதங் கணவாயில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. லடாக்கில் 5,328 மீட்டரில் இருக்கும் தங்லங் லா கணவாயில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். உங்கள் 80 குதிரைகளில் பாதி அடிவாரத்திலேயே படுத்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்! பழைய கார்பரேட்டர் வண்டியாக இருந்தால் இன்னொரு தொல்லை: காற்று குறைந்தாலும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கறுப்புப் புகை கக்கும். சின்ன ஜெட் போட்டுச் சமாளிக்க வேண்டும். புதிய அமைப்பில் காற்றழுத்தத்தை அறிந்து அதுவே குறைத்துக்கொள்ளும்.

புதிதாக இறங்குகிறவர்கள் வேகப் பந்தயத்தில் குதிக்க வேண்டியதில்லை. 'நேரம்-வேகம்-தூரம்' என்று ஒரு வகைப் பந்தயம் உண்டு. இன்ன பாதையில் சராசரி இவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். முந்தினாலும் தண்டம், பிந்தினாலும் தண்டம். மணிக்கு 40 கிலோ மீட்டர் என்றால் கிலோ மீட்டருக்கு 90 விநாடி; 36 என்றால் 100 விநாடி. இதைக் குலுங்கும் வண்டியில் உட்கார்ந்து, இரவிலும் தூசியிலும், பக்கத்து ஸீட்காரர் கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். வீட்டு வரவு செலவைப் பைசா பிசகாமல் எழுதும் அண்ணிமார்கள் இதில் பிரமாதமாக ஜெயிப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். பெரிய டயர் மாட்டியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டயர் நூற்றுக்கு 5 பங்கு பெரிதானால், மீட்டர் 100 கிலோ மீட்டர் காட்டும்போது வண்டி 105 ஓடியிருக்கும். அளந்து வைத்த பாதையில் ஓட்டிப் பார்த்து, அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி செய்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்திற்று. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் ஆனதும் தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் விசாரியுங்கள். அனுமதி கிடைக்காத மாற்றம் செய்திருந்தால், லாரியில் ஏற்றிப் பந்தய இடத்துக்குக் கொண்டுபோங்கள். பந்தயத்தில் ஓட்டுவதற்கு மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் இந்தியச் சம்மேளனத்தின் லைசென்ஸ் வேண்டும். அதன் தலைமை அலுவலகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. கூண்டுக்குக் குழாய் வாங்குவதற்கு முன் அவர்களுடைய அந்த வருஷத்து விதிகளை ஒரு தடவை படித்துவிடுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் பரிசோதகர்கள் வருவார்கள். பெயிண்ட் எவ்வளவு பளபளப்பு என்று பார்க்க மாட்டார்கள். பெல்ட்டில் தைத்த சீட்டில் காலாவதித் தேதி பார்ப்பார்கள். ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். கூண்டின் வெல்டிங்கைத் தடவிப் பார்ப்பார்கள். ஸ்விட்சைத் திருப்பினால் என்ஜின் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். "நாளைக்கு வாருங்கள்" என்று அவர்கள் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் பார்க்காமல் விடும் ஒரு போல்ட்டை மலை பார்த்துவிடும்.

ஓடி முடித்து ஊர் திரும்பியதும் கோப்பையைக் கூடத்தில் வைப்பதற்கு முன்னால் இரண்டு காரியம் பாக்கி. ஆற்றைக் கடந்த வண்டியின் ஆக்ஸில் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது, அன்றைக்கே மாற்றிவிடுங்கள். பிறகு வண்டிக்கு அடியில் ஹோஸ் பிடித்து, சேஸிஸ் பெட்டிக்குள் தேங்கிய சேறெல்லாம் வடிகால் ஓட்டை வழியாகத் தெளிந்த தண்ணீராக வரும் வரை கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் நிறுத்துங்கள்.